கொல்லைப் பாத்தியும் தாயின் இரத்தமும்



வயல் வேலை முடிந்து விளக்கு வைக்கும் நேரத்தில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காராமல், இன்றைக்கு மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரும்படி கேட்டுக்கொண்டேன். நான் சொல்லப் போகும் வேலை இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது. அதனால்தான்.

இன்றைய பேச்சு கொல்லைப்புறக் கீரைத் தோட்டத்தைப் பற்றியது. "சுகாதார இலாகாவுக்குத் தோட்டத்துல என்ன வேலை? அது விவசாய இலாகா சமாச்சாரமாச்சே" என்று சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் கண்ட ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

நெடுங்காடு பக்கம் ஓர் ஊர். ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண். களை எடுக்கப் போன இடத்தில் மயக்கம் வந்து விழுந்துவிட்டாள். இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. நான் வீட்டுக்குப் போனேன். வாசலில் நல்ல முருங்கை மரம், கிளை முறிய இலை.

"இந்தக் கீரையை என்னம்மா செய்றீங்க?"

"ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுவோங்க."

"நீ சாப்பிடறதில்லையா?"

"அவருக்கும் மாமனாருக்கும் புடிக்காதுங்க. எனக்கு ஒருத்திக்காக யாரு உட்கார்ந்து உருவுறது?"

கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறு வாரம் நான் போனபோது திண்ணையில் அவரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை உருவிக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னபடி தினம் இரண்டு இரும்புச் சத்து மாத்திரை, ஒரு வேளை கீரை, கிடைத்த நாளில் மீன். ஒன்பதாம் மாதம் சோதித்தபோது 10 கிராமுக்கு மேல் வந்திருந்தது. சுகப் பிரசவம். தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

இந்த நோய்க்கு இரத்த சோகை என்று பெயர். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருப்பதாகத் தெரியவந்தது. அதாவது இங்கே பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஐந்தாறு பேருக்கு இருக்கக்கூடும். படியேறினால் மூச்சு வாங்குது, கை கால் ஓயுது, கண் இருட்டுது என்பீர்கள். "வேலை ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடுவீர்கள். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் இரத்தப் போக்கு உண்டு. இருப்பு உள்ளவள் அதைத் தாங்குவாள். இருப்பே இல்லாதவள் எப்படித் தாங்குவாள்? யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கீரை மட்டும் தின்றால் சோகை தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். ஆகையால் கர்ப்பிணிகள் நான்காம் மாதம் முதல் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும், தினம் ஒரு மாத்திரை கட்டாயம் சாப்பிட வேண்டும். சோகை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. மாத்திரை துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டல் குறையும். மலம் கறுத்துப் போகும், பயம் வேண்டாம். டீ, காப்பியுடனோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையுடனோ சேர்த்துச் சாப்பிடாதீர்கள். இரண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிடுங்கள்.

"அப்புறம் கீரை எதுக்கு?" என்றால், மாத்திரை இழந்ததை ஈடு கட்டுகிறது, சாப்பாடு மறுபடி இழக்காமல் காக்கிறது. கீரையில் இரத்தம் ஊறத் தேவையான ஃபோலிக் அமிலம் இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும் இருக்கிறது. கீரையோடு எலுமிச்சை பிழிந்தாலும், ஒரு நெல்லிக்காய் கடித்தாலும், இரும்பு கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லியிருக்கிறது. தினம் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. கொல்லையில் இருந்தால் காசில்லை.

இனி தோட்டத்துக்கு வருவோம்.

பெரிய இடம் வேண்டாம். பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் நாலு பாத்தி போடுங்கள். முதல் பாத்தியில் இன்றைக்கு முளைக்கீரை விதையுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது; அதற்கடுத்த வாரம் மூன்றாவது; பிறகு நாலாவது. நாலாவது பாத்தி விதைத்த சில நாளில் முதல் பாத்தி பிடுங்கத் தயாராகிவிடும். முளைக்கீரைக்கு 25 நாள் போதும். பிடுங்கின பாத்தியைக் கொத்தி மறுபடி விதைத்தால் வருஷம் பூரா கீரை ஓயாது. வேலியோரம் அரைக்கீரை, பொன்னாங்கண்ணி வையுங்கள். அறுக்க அறுக்கத் துளிர்க்கும். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை அவசியம்.

நம் காரைக்கால் மண்ணுக்கு இரண்டு சங்கடம் உண்டு. ஒன்று தண்ணீர் தேங்குவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கொல்லை குளமாகிவிடும். முருங்கை வேர் நீரில் நின்றால் அழுகும். எனவே முருங்கையை மேடு கட்டி நடுங்கள். கீரைப் பாத்தியை ஓர் அடி உயர்த்துங்கள். முடியாவிட்டால் பழைய சாக்கிலும் உடைந்த பானையிலும் மண் நிரப்பி, சாரல் படாத ஓரத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் தென்னங்கீற்று நிழல் போதும்.

இன்னொன்று உப்பு. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பக்கத்துச் சகோதரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் கடல் ஏறின நிலம் எப்படியானது என்று கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். இனி இங்கே புல்லும் முளைக்காது என்றார்கள். அடுத்துள்ள நாகை மாவட்டக் கடற்கரை ஊர்களில் இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் அவர்களும் உழவர்களும் சேர்ந்து அந்த மண்ணைத் திரும்ப உயிர்ப்பித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுது, மழை நீரைத் தேக்கி உப்பை இறக்கினார்கள். அதே வழி கொல்லைக்கும் பொருந்தும். மழைக்கு முன் தக்கைப்பூண்டு தெளித்து, பூக்கும் தறுவாயில் மண்ணோடு வெட்டிப் புதையுங்கள். மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டுமானால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் புதுச்சேரியில்தான் தொடங்கியது. அது நமக்காக உள்ள இடம், கூச்சப்படாமல் போகலாம்.

உரத்துக்கு மூன்றடிக் குழி ஒன்று வெட்டுங்கள். அடுப்படிக் கழிவு, சருகு, சாணம், கொஞ்சம் மண் என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் காயாமல் மூடி வையுங்கள். மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையுடன் மக்கிவிடும். அதைப் போடுங்கள். பச்சைச் சாணத்தைக் கரைத்துக் கீரை இலைமேல் தெளிக்காதீர்கள். அதில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். அமுதக் கரைசல் செய்பவர்கள் அதை வாழை, முருங்கை வேருக்கு ஊற்றுங்கள். குளிக்கும் தண்ணீரும் துவைக்கும் தண்ணீரும் தேங்கினால் கொசு. அதை வாழைக்கும் சேம்புக்கும் வாய்க்கால் வெட்டி விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

தோட்டத்தில் இரத்தத்தைக் குடிக்கும் எதிரி ஒன்று உண்டு. கொக்கிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சு இருக்கும். வெறுங்காலில் மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் கீரை தின்று, மறுபக்கம் புழுவுக்கு இரத்தம் கொடுத்தால் என்ன லாபம்? செருப்புப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்குங்கள். குழந்தையின் மலத்தையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும், கொல்லையில் எறியாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். கர்ப்பிணிகள் மூன்று மாதம் கழிந்த பிறகு, செவிலியர் கையால் மட்டுமே வாங்கிச் சாப்பிட வேண்டும்.

அடுத்தது பூச்சி. "பூச்சி மருந்து" என்று நாம் வாய் கூசாமல் சொல்கிறோம். அது மருந்தல்ல, விஷம். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று அதற்கு முன்பே தடை செய்யப்பட்ட விஷம் அது. எனவே வயலுக்கு அடித்த மீதியைக் கொல்லைக் கீரைக்கு ஒரு சொட்டும் காட்டாதீர்கள். காலி டப்பாவை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கம் அறவே கூடாது. தம்பிமார்களே, மருந்தடித்த சட்டையைக் கர்ப்பிணி மனைவியிடம் துவைக்கப் போடாதீர்கள். தனியாக நீங்களே அலசுங்கள்.

கீரைக்கு வேப்பங்கொட்டை போதும். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைத்து, சாயங்காலம் தெளியுங்கள். நாலைந்து நாள் கழித்து, நன்றாக அலசிச் சமையுங்கள். அசுவினிக்குச் சாம்பல் தூவினாலே போகும். இலையில் நாலு ஓட்டை இருந்தால் இருக்கட்டும். பூச்சி தின்ற கீரை மனிதனும் தின்னக்கூடிய கீரை.

சம்பா அறுக்கிற வயலில் நாம் என்ன செய்கிறோம்? உடனே மறுபடி நெல்லையா நடுகிறோம்? உளுந்தும் பயறும் தெளித்து மண் தேற விடுகிறோம். தாயின் உடம்பும் அப்படித்தான். ஒரு பிள்ளை பெற்றதும் இழந்த இருப்பு திரும்பச் சேரக் காலம் வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, நிரோத், அந்தரா ஊசி, சாயா மாத்திரை என்று தற்காலிக முறைகள் பல உள்ளன. போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு நிரந்தர முறைகளும் உண்டு; அதில் ஆண்களுக்கான சிகிச்சை மிக எளிது. எது உங்களுக்கு ஏற்றது என்று இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊர் மாங்கனித் திருவிழா உங்கள் எல்லாருக்கும் தெரியும். கணவர் அனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை அடியாருக்கு இட்டார் புனிதவதியார். மற்றதைக் கணவருக்கு இட்டார். தனக்கென்று ஒன்றும் வைக்கவில்லை. அவர் காரைக்கால் அம்மையார். தெய்வ நிலை அடைந்தவர். நம் வீட்டுப் பெண்கள் வயலிலும் வேலை செய்து, பிள்ளையும் பெற வேண்டியவர்கள். மாமனார், கணவர், பிள்ளைகள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டால் அவர்களுக்கு இரத்தம் எங்கிருந்து வரும்? கொல்லையில் எவ்வளவு கீரை விளைந்தாலும், அது அவள் தட்டுக்கு வரவில்லையென்றால் நான் இவ்வளவு நேரம் பேசியது வீண்.

ஆகவே தம்பிகளே, நாளைக்கு மண்வெட்டி எடுத்து ஒரு பாத்தி வெட்டுங்கள். 25-ஆம் நாள் கீரை வரும். அன்றைக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் கரண்டிக் கீரையை அவள் தட்டில் போடுங்கள். "எனக்கு எதுக்குங்க, நீங்க போட்டுக்குங்க" என்பாள். அதைக் கேட்காதீர்கள்.

செவ்வாயோ புதனோ, எந்த நாள் வசதியோ, துணை சுகாதார நிலையத்துக்கு இருவரும் வந்து இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். எண்ணை ஒரு சீட்டில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு ஒரு கீரைப் பாத்தி! தாய்க்கு முதல் கரண்டி!