வம்பை விலைக்கு வாங்காதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், "வரமே" என்று முழங்கிவிட்டு இப்போது வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணியினருக்கும், நல்ல இடம் வந்தால் கை தட்டலாம் என்று காத்திருக்கும் திருவொற்றியூர்ப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிளை விலை கொடுத்து வாங்குவது வரமா, வம்பா? இந்தத் தலைப்பை இந்த ஊரில் வைத்தவருக்கு என் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. 1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா, புல்லட்டை நாடு முழுக்க அனுப்பியது இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான். அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இங்கே நின்று புல்லட்டைப் பழித்தால் நான் பத்திரமாக வீடு போய்ச் சேர முடியுமா? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியைச் செய்த கை பொன்னான கை. ஐம்பது வருஷம் கழித்து அதற்கு டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, அதன் மேல் ஒரு கோட்டிங் பொய்யும் பூசி நம் தலையில் கட்டுகிற கை இருக்கிறதே, அந்தக் கையின் மேல்தான் என் வழக்கு!

எனக்கு முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? "புல்லட்டில் ஏறி உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கும்" என்றார். சரி, ராஜா இன்றைக்கு எதில் வந்தார் என்று வாசலில் விசாரித்தேன். கால் டாக்சியில் வந்திருக்கிறார் ஐயா! "தம்பி, வண்டி எங்கே?" என்றேன். "ஒர்க்ஷாப்ல நிக்குதுக்கா." "எப்ப வரும்?" "கிளட்ச் கேபிள் வரணும்." "கேபிள் எப்ப வரும்?" "சொல்லியிருக்கு." யாரிடம் சொல்லியிருக்கிறது, எப்போது சொன்னது, ஒன்றும் கேட்கக் கூடாது. பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் தினமும் ஒலிக்கிற மந்திரம் அது: சொல்லியிருக்கு!

இன்னொன்றும் சொன்னார். "ஆயில் ஒழுகுதேன்னு கவலைப்படாதீங்க, ஒழுகினா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம்" என்றார். நீங்களும் சிரித்துக் கை தட்டினீர்கள். அவர் வீட்டு வாசலில் தினமும் அந்த ஆயில் கறையைத் தேய்த்துக் கழுவி, அதன் மேல் கோலம் போடுகிற அம்மாவைக் கூட்டி வந்து இந்த நகைச்சுவையைச் சொல்லச் சொல்லுங்கள் பார்க்கலாம். துடைப்பத்தால் பதில் வரும்.

நடுவர் அவர்களே, எதிரணி மொத்தமும் ஒரே ஆயுதத்தைத்தான் தூக்கி வந்திருக்கிறது. அப்பா! அப்பா ஓட்டிய ஜாவா, அப்பாவுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போன யெஸ்டி, அப்பா கண்ணீர், அம்மா கண்ணீர். சபையும் மூக்கை உறிஞ்சுகிறது. நான் கேட்கிறேன், அப்பாவின் வண்டி வீட்டில் நின்றால் அது சொத்து. வைத்துக்கொள்ளுங்கள், துடையுங்கள், ஆயுதபூஜைக்குப் பொட்டு வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நீங்கள் வாங்கப் போவது யாருடைய வண்டியை? முன்பின் தெரியாத எவரோ ஒருவரின் அப்பா ஓட்டியதை! அவர் பெற்ற பிள்ளையே வேண்டாம் என்று விற்கிறான். அந்தப் பாசத்தைக் கடன் வாங்கியாவது நீங்கள் சுமக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

விற்பவர் வண்டியையா விற்கிறார்? கதையை விற்கிறார் ஐயா. "சிங்கிள் ஓனர் சார்." "மிலிட்டரிக்காரர் ஓட்டினது." "டாக்டர் வண்டி, வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுப்பார்." "இன்ஜின்ல கையே வைக்கல." தமிழ்நாட்டில் விற்பனைக்கு நிற்கிற புல்லட்டை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், அந்தக் காலத்தில் நோயாளிகளைப் பார்த்தது யார்?

போய்ப் பார்க்கிறோம். நாம் போகிற நேரத்துக்கு வண்டி ஸ்டார்ட் ஆகி நிற்கும். "பாருங்க சார், எப்படி ஓடுது!" நம்ம ஆள் சைலன்சர் பக்கம் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார், கச்சேரி கேட்கிறவராம்! மூட வேண்டியது கண்ணை அல்ல, வாயை. திறக்க வேண்டியது கண்ணை. இன்ஜின் ஏன் முன்கூட்டியே சூடாக இருக்கிறது? காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜினில் பத்து உதை உதைத்தாலும் கிளம்பாது, கிளம்பினால் ஊருக்கே கொசு மருந்து அடிக்கும், அது தெரியக் கூடாது என்பதற்காகத்தானே! ஹேண்டில் பார் கழுத்தில் சேசிஸ் நம்பர் இருக்கும். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் ஏன் புதிதாகப் பளபளக்கிறது? விரலால் தடவினால் அரம் போட்ட தடம் ஏன் நெருடுகிறது? கேட்டீர்களா? கேட்கவில்லை. டேங்கில் பொன்னிறக் கோட்டைப் பார்த்தீர்கள், அட்வான்ஸ் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பம். எங்கள் தெருக்காரர் ஒருவர் யெஸ்டி வாங்கினார். நல்ல மனிதர், பேர் வேண்டாம். சாவி வந்துவிட்டது. ஆர்.சி. புக்கும் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் விற்றவர் பேரும் இல்லை, அவருக்கு விற்றவர் பேரும் இல்லை, காரைக்குடிப் பக்கம் ஒரு பெரியவர் பேர் இருக்கிறது. பேர் மாற்ற அவர் கையெழுத்து வேண்டும். தேடிப் போனால் வீட்டில் பெரியவர் படமாக மாட்டியிருக்கிறார், மாலை போட்டு! கையெழுத்துப் போட வேண்டியவர் மேலோகத்தில், வண்டி எங்கள் தெருவில்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன சொன்னார்கள்? இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். வாரிசு நாலு பேர். ஒருவர் சிங்கப்பூரில். மற்ற மூவரும் வீட்டுப் பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நம்ம ஆள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். மூத்த மகன் கேட்டார்: "அப்பாவுக்கு வண்டி இருந்துச்சா? யாரு வித்தது? எங்கிட்ட சொல்லவே இல்லையே!" இரண்டாவது மகள் கேட்டார்: "வித்த பணம் எங்கே? அதுல எம் பங்கு?" மூன்றாமவர் கேட்டார்: "வண்டிய எடுத்துட்டு வாங்க, ஒரு தடவை பாக்கணும்." எடுத்துக்கொண்டு போனால் திருப்பித் தருவாரா? போகாமல் இருந்தால் கையெழுத்துப் போடுவாரா? யெஸ்டி வாங்கப் போனவர், கடைசியில் ஒரு குடும்பத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர் ஆகிவிட்டார் ஐயா! இன்றைக்கும் வண்டி வாசலில் நிற்கிறது, வழக்கு காரைக்குடியில் நடக்கிறது, வண்டிக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

இதை வரம் என்கிறார்கள்!

எதிரணித் தலைவி சட்டம் பேசினார். "அரசாங்கமே வின்டேஜ் என்று தனி மரியாதை கொடுத்திருக்கிறது" என்றார். அம்மா, மரியாதை என்னவென்று முழுதாகப் படித்தீர்களா? 2021-இல் வந்த விதி அது. முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி அசல் உருவம் மாறாமல் இருக்க வேண்டும். அப்படிப் புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் "வி.ஏ." என்ற எழுத்து, 10 வருஷத்துக்குச் செல்லும். இதையெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் என்ன சொல்கிறது? தினசரி ஓட்டாதே என்கிறது! கண்காட்சிக்குப் போ, பழைய வண்டிப் பேரணிக்குப் போ, பெட்ரோல் போடப் போ, ரிப்பேருக்குப் போ. ரிப்பேருக்குப் போகச் சட்டமே தனியாக வழி விட்டிருக்கிறது ஐயா, எழுதினவருக்கு அனுபவம் இருந்திருக்கும்! 20,000 வாங்கிக்கொண்டு வீட்டிலேயே நிறுத்து என்பதற்குப் பெயர் மரியாதையா?

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் இளைஞர்கள் சிரிக்காதீர்கள். உங்கள் வண்டி இந்தியாவுக்கு வந்ததே 1985-இல். அந்த முதல் வண்டிக்கே வின்டேஜ் பட்டம் கிடைக்க 2035 ஆக வேண்டும். அதுவரை அது வெறும் பழைய வண்டி. 15 வருஷப் பதிவு முடிந்த பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுபோய் நிறுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

அடுத்து, "இது முதலீடு, தங்கம் மாதிரி விலை ஏறுது" என்றார்கள். நான் ஒன்று கேட்கிறேன். கழுத்துச் சங்கிலியைக் கொண்டுபோய் அடகுக் கடையில் வைத்தால் அரை மணி நேரத்தில் பணம். உங்கள் ராஜ்தூத் 350-ஐ அதே கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஆமாம், தள்ளிக்கொண்டுதான்! சேட்டு பணம் தருவாரா, ஆம்புலன்சுக்குப் போன் செய்வாரா? 1983-இல் பரிதாபாத்தில் செய்ய ஆரம்பித்த வண்டி அது. பெட்ரோலைக் குடிக்கிறது, விலையும் அதிகம் என்று அன்றைக்கு ஊரே ஒதுக்கியது. அன்றைக்கு ஷோரூமில் புதிதாக நின்றபோது வேண்டாம் என்றவர்கள், இன்று துருப்பிடித்த பிறகு லட்சக்கணக்கில் கேட்டால் புருவத்தை உயர்த்தாமல் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் முதலீடு என்றால் ஏமாளித்தனத்துக்கு என்ன பெயர்?

வாங்குகிற விலை ஒரு விலையா? சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். குரோம் பிளேட்டிங் ஒரு பில், சீட் ஒரு பில், போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட ஒரு பில். யெஸ்டி செய்த மைசூர்த் தொழிற்சாலை 1996-இலேயே கதவை மூடிவிட்டது. உதிரிப் பாகத்துக்கு ஜி.பி. ரோட்டில் ஆரம்பித்துப் புதுப்பேட்டை சந்து வரை அலைகிறார்கள். கிடைத்தால் "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா" என்று சந்தேகம், கிடைக்காவிட்டால் சொல்லியிருக்கு! இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் கால ரப்பர் குழாயும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்ததல்ல, ஊறி உப்பிப்போகும். இவ்வளவும் செலவழித்துத் தர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போட்டு வைப்பார்கள். வண்டி திருட்டுப் போனால் ஒரு பைசா வராது. கதை மட்டும் மிச்சம், அதையும் கேட்க ஆள் இருக்காது.

ஐயா, மணி அடிக்காதீர்கள், உயிர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் தலைகீழ். பத்து வருஷம் புது வண்டி ஓட்டிப் பழகிய கால், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் எதை மிதிக்கும்? வலது காலைத்தான் மிதிக்கும். அங்கே பிரேக் இல்லை, கியர்! மிதித்தால் வண்டி நிற்காது, மேல் கியருக்குப் போகும். கையில் பிடிக்கிற முன் பிரேக்கோ டிரம் பிரேக், அது யோசித்து முடிவெடுக்கும். ராத்திரியில் 6 வோல்ட் விளக்கு, எதிரே வருகிறவருக்கு நாம் தெரிந்தால் பெரிய விஷயம். "அந்தக் காலத்தில் ஓட்டவில்லையா?" என்பார்கள். ஓட்டினார்கள். அந்தக் காலத்து ரோட்டில் இந்தக் காலத்துத் தண்ணி லாரி இல்லையே!

ஸ்டார்ட் செய்கிற அழகையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆம்பியர் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரசரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். காலை எடுத்துவிட்டு அப்புறம்தான் முழு உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும், முழங்காலுக்கு மாவுக்கட்டு. இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு பக்குவமாக, முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிற இந்த மனிதர், மனைவிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்திருப்பாரா? கேளுங்கள் தாய்மார்களே, கேளுங்கள்!

ரசனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்காட்சிக்குப் போங்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுங்கள், கதை கேளுங்கள், காசா பணமா? ஓட்டத்தான் வேண்டும் என்றால் புல்லட் என்ற அதே பேரில் புதிய வண்டி ஒரகடத்தில் தினமும் வெளியே வருகிறது. பட்டனை அழுத்தினால் ஓடும், பிடித்தால் நிற்கும், ஆர்.சி.யில் உங்கள் பேரே இருக்கும். கைக்காசைக் கொடுத்துக் காலையும் கொடுத்து, காரைக்குடி வாரிசுகளுக்கு ஆப்பிளும் கொடுப்பது வரமா?

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒரு ராஜ்தூத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தைப் பையிலேயே வைத்திருக்கிறான், உங்கள் வாய் "வரமே" என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறான். நீங்கள் அப்படிச் சொன்னால் அந்த வண்டியை உங்கள் வீட்டு வாசலில்தான் நிறுத்துவேன். ஆயில் கறையை உங்கள் வீட்டம்மாதான் கழுவ வேண்டும். வாரிசுகளைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். வம்பே என்று தீர்ப்புச் சொல்லி உங்கள் வீட்டையும் என் வீட்டையும் காப்பாற்றுங்கள்.