விழிக்கு வண்ணம்

கண்ணுக்கு வண்ணம் ஏற்றுதல் நம் பகுதியினருக்குப் புதிதன்று. கோயில் முற்றத்தில் இரவு முழுதும் கண்விழித்துக் கதகளி கண்டோர் இதனை அறிவர். வேடம் முடித்த நடிகர், சுண்டை இனத்துச் செடியின் பூவிலிருந்து எடுத்த சிறு கருவினை உள்ளங்கையில் வைத்துக் கறுக்கும் வரை உருட்டி, கீழிமையின் உட்புறத்தில் இட்டுக்கொள்வார். சுண்டப்பூ என்பது அதன் பெயர். சிறிது நேரத்தில் வெண்விழி சிவந்து விடும். பச்சை பூசிய முகத்தின் நடுவே அச்சிவந்த கண்கள் விளக்கொளியில் நெடுந்தூரம் தெரியும். ஆயினும் அது கலைக்காகக் கொண்ட சிவப்பு. ஆசானிடம் பயின்றவர், ஆடும் இரவுக்கு மட்டும் வருவித்துக் கொள்வது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வண்ணம். பூவார்க் கடற்கரையிலும் பொழிமுகத்துப் படகுகளிலும் மணமக்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதைக் காண்கிறோம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் திருமணம் நிச்சயமானவுடன் பட்டுப்புடவைக்கு இணையாக விழியின் நிறமும் தேர்ந்தெடுக்கப்படுவதுண்டு. தேன் நிறம், சாம்பல் நிறம், பச்சை, நீலம் என்று கான்டாக்ட் லென்ஸ்கள் கிடைக்கின்றன. நாம் அவற்றை விழிவில்லை என்றே அழைப்போம்.

ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கண்ணுக்கு மை தீட்டி வந்த நாடு, வில்லை அணிவோரைப் பார்த்து முகம் சுளிப்பதில் பொருளில்லை. ஆனால் மை இமையின் ஓரத்தில் நிற்பது. வில்லையோ விழியின் மீதே அமர்வது. இந்த வேறுபாட்டைக் கருத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

விழிவில்லையின் வரலாறு நீண்டது. 1888ஆம் ஆண்டு வாக்கில் ஃபிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்ணாடியினால் வில்லை செய்து அணிவித்துப் பார்த்தார். வெண்விழியையும் மூடிய அக்கனத்த வில்லையைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலவில்லை. இன்று நாம் காணும் மென்மையான வில்லைக்கு வழி கண்டவர் செக் நாட்டு வேதியியலறிஞர் ஓட்டோ விக்டெர்லே. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், குழந்தைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளைப் பூட்டி ஒரு பொறி செய்து, தம் வீட்டிலேயே முதல் மென்வில்லைகளை அவர் வார்த்தார். நீரை உறிஞ்சி மென்மையுறும் அப்பொருளின் வழித்தோன்றல்களே இன்றைய வில்லைகள்.

கருவிழியின் மேல் கண்ணாடி போல் கவிந்துள்ள படலத்தைக் கார்னியா என்பர். உடலின் மற்ற உறுப்புகள் இரத்தத்தின் வழியே உயிர்வளியைப் பெறுகின்றன. கார்னியாவிலோ இரத்தக் குழாயே இல்லை. இருந்திருப்பின் அதன் வழியே ஒளி தெளிவாகப் புகாது. ஆகவே அது தனக்கு வேண்டிய பிராண வாயுவைப் பெரிதும் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே பெற்றுக்கொள்கிறது. வில்லையை அணியும்போது அவ்வழியில் ஒரு தடுப்பு அமைகிறது; கண்ணை மூடி உறங்கும்போது இமை மற்றொரு தடுப்பாகிறது. இரண்டும் சேர்ந்தால் கார்னியா மூச்சுத் திணறுகிறது எனலாம். சோர்வுற்ற அப்படலத்தில் நுண்ணிய கீறல் விழுந்தால் கிருமிகள் எளிதில் உட்புகும். திருமண வரவேற்பு முடிந்த களைப்பில் வில்லையோடு உறங்கிவிடும் பெண், தன் கண்ணை எத்தகைய இடரில் விடுகிறாள் என்பதை இதிலிருந்து உணரலாம். சூடோமோனாஸ் போன்ற கிருமி பற்றினால் இரண்டொரு நாளிலேயே கார்னியாவில் புண் ஆழமாகி விடுவதுண்டு.

புண் ஆறினாலும் வடு தங்கும். அதைத்தான் நம் மக்கள் கண்ணில் பூ விழுந்தது என்கின்றனர். இதே வண்ண வில்லையைப் பூ விழுந்த கண்ணுக்கு மருத்துவர்களே பொருத்துகின்றனர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். சிறுவயதில் நோயாலோ காயத்தாலோ கருவிழி வெளுத்துப் போன இளைஞர்கள், மற்றொரு கண்ணின் நிறத்தை ஒத்து வரைந்த வில்லையை அணிந்து கூச்சமின்றி நால்வர் முன் நிற்கின்றனர். பிறவியிலேயே வண்ணத்திரை இல்லாதோருக்குக் கூசும் வெயிலைக் குறைக்கவும் அத்தகைய வில்லை உதவுகிறது. எமது எண்ணத்தில், வண்ண வில்லையின் மிகச் சிறந்த பயன் இதுவே. அழகுப் பொருளாக மட்டும் அதனை அறிந்தவர்கள் இதனையும் அறிதல் நலம்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். மெல்லிய சாயம் ஏற்றிய வில்லை, வெளிர்நிறக் கண்ணுடையோருக்கே நிறத்தைக் கூட்டிக் காட்டும். நம்மவரின் ஆழ்ந்த கபில நிறத்தை மறைக்க வேண்டுமாயின் ஒளிபுகாச் சாயம் அச்சிட்ட வில்லை வேண்டும். அதன் நடுவில் கண்பாவைக்கு நேராக ஒரு வட்டம் மட்டும் தெளிவாக விடப்பட்டிருக்கும். பகலில் பாவை சுருங்கி அவ்வட்டத்துள் அடங்கும். இருளிலோ அது விரிந்து, சாயம் உள்ள பகுதியும் பார்வையின் குறுக்கே வந்து விடும். ஆதலின் இரவில் வண்ண வில்லை அணிந்து வண்டி ஓட்டுதல் ஆகாது. சாயம் கண்ணைத் தொடும் பக்கத்தில் படாமல் வில்லையின் உள்ளே பொதிந்துள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. மேற்பரப்பில் உள்ள சாயம் சொரசொரப்பை உண்டாக்கிக் கிருமிக்கு இடந்தரும்.

வில்லையின் உறைமேல் பவர் பூச்சியம் என்று அச்சிட்டிருக்கும். பவர் பூச்சியமாயின் அபாயமும் பூச்சியம் என்று பலர் கொள்கின்றனர். அதே உறைமேல் பி.சி. என்றும் டி.ஐ.ஏ. என்றும் இரண்டு எண்கள் இருப்பதை அவர்கள் நோக்குவதில்லை. முன்னது வில்லையின் உள்வளைவு; 8.6 மில்லிமீட்டர் என்பது போல இருக்கும். பின்னது விட்டம், 14 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். செருப்புக்கு அளவு பார்ப்பது போல விழிக்கும் வளைவு அளக்க வேண்டும். இறுகிய வில்லை கண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கும். தளர்ந்தது நகர்ந்து நகர்ந்து உறுத்தும். பார்வை குறைவற்று இருப்போரும் கண் மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டிடமோ அளவு பார்த்த பின்னரே வாங்க வேண்டும் என்பது இதனால்தான். அமெரிக்க நாட்டில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அழகுக்காக அணியும் வில்லையும் மருத்துவச் சாதனமே என்று வரையறுத்தது. நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவச் சாதனங்கள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. உறைமேல் உள்ள எழுத்துகள் நம் எல்லைப்புறத்துப் பெண்கள் வீட்டில் பேசும் தமிழும் அல்ல, பள்ளியில் படிக்கும் மலையாளமும் அல்ல. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எமக்கு இது வருத்தம் தருகிறது. தெரிந்தவரைக் கொண்டு படிப்பித்தேனும், காலாவதித் திங்களையும், எத்தனை நாள் அணியலாம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் வில்லை ஒரு நாளைக்கே உரியது. ஒரு நாள் விழாவுக்கு அணிபவர்க்கு அதுவே தகுந்ததும்கூட; கழற்றி எறிந்து விடலாம்.

ஒருத்தி அணிந்த வில்லையை மற்றொருத்தி அணிதல் எக்காரணத்தாலும் கூடாது. அக்காளின் திருமணத்துக்கு வாங்கியதைத் தங்கையின் திருமணத்துக்கு எடுத்து வைப்பதும், அலங்காரம் செய்ய வருபவர் தம் பெட்டியில் உள்ள ஒரே இணையை மணப்பெண்கள் பலருக்கும் இடுவதும் சிக்கனமாகத் தோன்றலாம். நகையை இரவல் வாங்கலாம், இதை வாங்கலாகாது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. நம் ஊர்களில் கிணறும் குளமும் நெய்யாறும் கடலும் அருகருகே உள்ளன. நீர் தூயது என்ற நம்பிக்கையும் நமக்கு மிகுதி. 2024ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் திங்கள்களில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் அமீபாவினால் வரும் மூளைக்காய்ச்சல் கண்டு ஓர் இளைஞர் இறந்ததும், குளங்களைப் பற்றி எச்சரிக்கை எழுந்ததும் நினைவிருக்கும். அது மூக்கின் வழியே மூளையை அடையும் நோய். அகந்தமீபா என்னும் இனம் விழிவில்லை அணிவோரின் கார்னியாவைத் தாக்குவது. அது குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழும். பாதகமான சூழலில் தன்னைச் சுற்றிக் கடினமான கூடு கட்டிக்கொள்ளும். கண்ணில் குடியேறினால் மாதக்கணக்கில் மருந்திட வேண்டிவரும். எனவே வில்லையையும் அதன் டப்பியையும் நீரில் கழுவுதல் கூடாது. உமிழ்நீர் தொடுதலும், வீட்டில் உப்புக் கரைத்துச் செய்த நீரும் ஆகா. குளிக்குமுன் கழற்ற வேண்டும். பொழிமுகத்தில் படகேறி நீரை வாரி இறைத்து விளையாடும் எண்ணமிருப்பின் வில்லை வேண்டாம்.

வில்லைக்கென விற்கும் கழுவுநீர் ஒன்றே ஏற்றது. அதையும் நேற்றைய மிச்சத்தோடு சேர்த்து ஊற்றாமல், நாள்தோறும் புதிதாக மாற்ற வேண்டும். டப்பியை மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றுவது முறை. கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து உலர்ந்த பின்னரே வில்லையைத் தொடலாம். முதலில் வில்லை, பின்னர் மை. கழற்றும்போது முதலில் வில்லை, பின்னர் அலங்காரம் கலைத்தல். இமையின் உட்கரையில் மை இழுப்பதை அன்றைக்கு விட்டுவிடலாம்.

கண் சிவந்தாலும், வலித்தாலும், ஒளியைக் காணக் கூசினாலும், பார்வை மங்கினாலும் உடனே வில்லையைக் கழற்ற வேண்டும். புகைப்படக்காரர் இன்னும் இரண்டு படம் என்பார். செவி கொடுக்க வேண்டா. மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி ஊற்றுவது பெருந்தவறு. அதில் ஸ்டீராய்டு இருப்பின் சிவப்பு தணிந்து நோய் உள்ளே வளரும். தாய்ப்பாலும் இளநீரும் வேண்டா. பூவாரிலிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் அளவே; வட்டாரக் கண் மருத்துவ நிறுவனம் அங்குள்ளது. களியக்காவிளைக்கு அப்பால் உள்ளோர் ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். செல்லும்போது கழற்றிய வில்லையையும் டப்பியையும் எறிந்து விடாமல் அப்படியே கொண்டுபோக வேண்டும். எந்தக் கிருமி என்று சோதித்தறிய மருத்துவருக்கு அவை உதவும்.