ரயிலைப் படம் எடுத்தோம், ரயில்காரரை எடுத்தோமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பழைய படங்கள் நமக்குத் தேவையா?' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தேவை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எந்தப் படம் தேவை, அதில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டால்தான் விஷயமே ஆரம்பமாகிறது.

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கேமராவும் கையுமாக நாலு பேராவது நிற்பார்கள். ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வரைந்து 1910-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடங்களையும் வளைவுகளையும் யார்தான் எடுக்காமல் விடுவார்கள்? எதிரே 1917-ல் எழுந்த ரயில்வே தலைமையகமும் அதே அழகு. ஆனால் அவர்கள் படம் எடுக்கும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் அவர் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். கூட்டுகிறவர் வந்தால் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். ஆளே இல்லாத படம்தான் நல்ல படம் என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆள்தான் நம்முடைய வரலாறு என்பது என் வாதம்.

தண்டவாளத்தில் யார் வியர்வை?

இந்த நாட்டின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1886-ல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் புறப்பட்டது. ஆற்றின் குறுக்கே பாலம் இல்லாததால் புக்கிட் கூடாவிலேயே அது நின்றுவிட்டது. 1890-ல் பாலம் முடிந்த பிறகுதான் கிள்ளான் நகருக்குள் ரயில் நுழைந்தது. இன்று நீங்கள் கோமுட்டரில் ஏறிக் குளுகுளுவென்று கிள்ளானுக்குப் போகிறீர்களே, அது அந்தப் பழைய வழித்தடத்தின் வாரிசுதான்.

இந்த ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள். தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்திலும், கேட் காவலிலும், செந்தூல் பட்டறையிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் உழைத்தார்கள். இது உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் தாத்தாவே அங்கே வேலை செய்திருப்பார். நான் கேட்பது ஒன்றுதான்: அவர் வேலை செய்யும் படம் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா? கல்யாணப் படம் இருக்கும். கோட்டு போட்டு ஸ்டுடியோவில் நின்ற படம் இருக்கும். சம்மட்டியோடு, பச்சைக் கொடியோடு நிற்கும் படம் இருக்கிறதா?

போர்ட் வெல்ட் என்ற அந்த ஊருக்கு இப்போது கோலா செப்பெத்தாங் என்று பெயர். ரயில் போய்விட்டது, தண்டவாளமும் போய்விட்டது. ஆனால் பழைய ஸ்டேஷன் பெயர்ப்பலகையை விட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. யாருக்காகத் தமிழில் எழுதினார்கள்? படிக்க ஆள் இருந்ததால்தானே எழுதினார்கள்! அந்தப் பலகையைப் படம் எடுத்து வைப்பது ஒரு சாட்சியைப் பத்திரப்படுத்துவது மாதிரி.

படம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

சயாம் மரண ரயிலை நினைத்துப் பாருங்கள். 1942-லும் 1943-லும் ஜப்பானியர்கள் 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. கைதிகள் ஒளித்து வைத்து வரைந்த ஓவியங்கள் உண்டு, ரகசியமாக எடுத்த புகைப்படங்களும் உண்டு. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இல்லை. முகம் தெரியும் படங்களும் அரிது. அதனால்தான் நம் பங்கை இன்றுவரை எடுத்துச் சொல்லிச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அது போர்க்காலம், கேமராவுக்கு வழியில்லை என்று சொல்லலாம். பிரிக்பீல்ட்ஸில் என்ன தடை? 1905-ல் கட்டிய 'நூறு குவாட்டர்ஸ்' என்ற குடியிருப்பு ஜாலான் ரொசாரியோ பக்கம் இருந்தது. ரயில்வே குடும்பங்களும் அரசு ஊழியர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். 2010-களில் அது இடிபட்டு மறைந்தது. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோர்த்த யார்டு இருந்த இடத்தில்தான் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் அந்த ரயிலில்தான் வருகிறேன். ஆனால் அந்த வீடுகளின் சமையலறை எப்படி இருந்தது, வாசலில் யார் உட்கார்ந்து கதை பேசினார்கள் என்று பேரப்பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவோம்?

2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது பெருங்கூட்டம் கூடியது. ஜொகூர் சுல்தானே ரயிலை ஓட்டிச் சென்றார். அன்று மின்னிய கேமராக்களுக்குக் கணக்கே இல்லை. கடைசி நாளில் கூடுவது சுலபம். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் போய் எடுப்பவர்தான் நமக்கு வேண்டும்.

உலகம் என்ன செய்தது?

பாரிஸ் நகரத்தில் யூஜின் அட்ஜே என்று ஒருவர் இருந்தார். இடிபடப் போகும் சந்துகளையும், கடை வாசல்களையும், தெருவில் விற்பவர்களையும் வருடக்கணக்காகப் படம் எடுத்தார். ஓவியர்களுக்கு மாதிரிப் படங்களாக அவற்றை விற்றுப் பிழைத்தார். 1927-ல் அவர் இறந்தபோது பெரிய பேரும் புகழும் இல்லை. இன்று பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அவர் படங்களைத்தான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர் 1955 முதல் 1960 வரை நீராவி ரயிலின் கடைசிக் காலத்தைப் படம் பிடித்தார். இரவில் பல விளக்குகளை அமைத்து ஒரே நொடியில் வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படங்கள் அவை. வெறும் எஞ்சினை மட்டும் அவர் எடுக்கவில்லை. எண்ணெய் போடுகிறவர், வீட்டுத் திண்ணையில் இருக்கிறவர், குளத்தில் நீந்தும் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எஞ்சின் அவர்கள் வாழ்க்கைக்குள் ஓடுகிறது. அந்தப் படங்களுக்கென்றே ஒரு பழைய ரயில் நிலையத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இப்போது கேமரா இல்லை என்ற சாக்கு யாருக்கும் கிடையாது. சட்டைப் பையிலேயே இருக்கிறது.

ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கட்டும் அக்காவிடம், "ஒரு படம் எடுத்துக்கலாமா அக்கா?" என்று கேட்டேன். "என்னை எதுக்குத் தம்பி எடுக்கிறே, கோயிலைப் போய் எடு!" என்றார். நாம் செய்வது படமெடுக்கத் தகுந்த வேலையா என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது. அந்தக் கோயில் சாமிக்குப் போகிற மாலையே நீங்கள் கட்டியதுதானே என்று சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அடுத்த வாரம் படத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டு எடுங்கள், எடுத்ததைக் கொடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற அன்பர்கள் பலர் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிறார்கள். கேமராவைப் பார்க்க முடியாதவரைக் கேட்காமல் எடுப்பது திருட்டுக்குச் சமம்.

கிள்ளானுக்குப் போனால் கோத்தா பாலத்தின் கீழ்த் தளத்தில் நடந்து பாருங்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றே அமைத்த தளம் அது. ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளி விளக்குகளை எல்லாரும் எடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்குக் கடை திறப்பவரையும், தையல் மிஷினில் குனிந்திருப்பவரையும் நீங்கள் எடுங்கள்.

ரயில் நிலையத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. நீளமான குச்சியில் போனைக் கட்டி உயர்த்தவே கூடாது. எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எழுத்து. பெயர், ஊர், தேதி, செய்த வேலை ஆகிய நான்கையும் படத்தின் பின்னால் எழுதுங்கள். பெயர் இல்லாத படம் ஐம்பது வருடத்தில் அநாதையாகிவிடும். 'யாரோ ஒரு தமிழர்' என்று யாரோ எழுதுவார்கள்.

நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தை இந்த வாரம் எடுங்கள். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது யாரு, எங்கே, என்ன வேலை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே இதைச் செய்து முடியுங்கள்.