கல்லை எண்ணிக் கண்ட ஆயுள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு மிகச் சிறு பிராணியைப் பற்றி. அதுதான் குள்ளக் கணவாய். மீன்கடையில் நாம் பார்க்கும் கணவாய் சாண் நீளமாவது இருக்கும். இதுவோ, நன்றாக வளர்ந்தாலும் உடல் 2 சென்டிமீட்டர்தான். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஆணைவிடப் பெண்ணே பெரிது. 1881ல் டென்மார்க் தேசத்து அறிஞர் ஸ்டீன்ஸ்ட்ரப் இதற்குப் பெயரிட்டார்.

வெப்பக் கடல்களின் கரையோரத்தில், கடற்புல்லும் அலையாத்தி மரங்களும் உள்ள ஆழமில்லாத நீரில் இது வாழுகின்றது. இதன் முதுகில் பசை சுரக்கும் ஓர் உறுப்பு உண்டு. அதனால் புல்லின் இதழில் முதுகை ஒட்டிக்கொண்டு, நிறத்தையும் மாற்றிக்கொண்டு சும்மா இருக்கும். சின்ன இறால் அருகில் வந்தால் போதும், பாய்ந்து பிடித்துக்கொள்ளும்.

இனி முக்கிய விஷயத்திற்கு வருகின்றேன். இதன் ஆயுள் எவ்வளவு? சிறியது இளையது, பெரியது மூத்தது என்று அளவைக் கொண்டே சொல்லிவிடலாமா? மனிதரில் குள்ளமானவரெல்லாம் சிறுவர்களா?

கணவாயின் தலைக்குள் இரண்டு நுண்ணிய கற்கள் இருக்கின்றன. மேல் எது, கீழ் எது என்று அதற்கு உணர்த்துபவை அவைதாம். அறுத்த மரத்தில் தெரிவதுபோல் அக்கற்களிலும் வளையங்கள் உண்டு. வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் இதை ஆராய்ந்த ஜார்ஜ் ஜாக்சன் அவற்றை எண்ணினார். ஆனால், நாளுக்கு ஒரு வளையம் என்பதற்கு என்ன ருஜு? அதையும் அவர் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. கல்லில் சாயமாகப் படியும் ஒரு மருந்தைக் கொடுத்து, உயிரோடு வளர்த்து, பிறகு அந்த அடையாளத்திற்கு அப்பால் எத்தனை வளையங்கள் என்று எண்ணினார். கழிந்த நாட்களும் வளையங்களும் சரியாயிருந்தன. 1989ல் அவர் வெளியிட்ட முடிவு என்ன? இதன் ஆயுள் 80 நாட்களுக்கும் குறைவு! பிறப்பது, வளருவது, முட்டையிடுவது, சாவது எல்லாம் மூன்று மாதத்திற்குள் முடிந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். ஒரு துறைமுகத்திற்காகக் கடலடியைத் தோண்டும்போது, "புல் அடுத்த வருஷம் மறுபடி முளைத்துக்கொள்ளும்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த வருஷம் என்பது இப்பிராணிக்கு நாலைந்து ஆயுட்காலம் அல்லவா? அதுவரை அங்கே அது எதில் ஒட்டிக்கொண்டு பிழைக்கும்?

ஆகவே தோழர்களே, நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். எவர் எதைச் சொன்னாலும், "எண்ணிப் பார்த்தாயா? எண்ணியது சரி என்பதைச் சோதித்தாயா?" என்று கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.