கேமராவைத் திருப்பிப் பிடிப்போம்

(ரங்கத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ரயிலே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு எங்கள் கவுன்டர் முன்னால் வந்து நிற்கிறவர்கள் நீங்கள்தான். மதுரைக்கு ஒன்று, ராமநாதபுரத்துக்கு இரண்டு, தென்காசிக்கு மூன்று என்று டிக்கெட் கேட்கும் உங்கள் குரல் எங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் கப்பலேறி உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம்.

இன்று பேச எடுத்துக்கொண்டது சங்கடமான விஷயம். டிரங்க் ரோடும் ஜரவா மக்களும். இதைப் பேசினால் நம்மவர்களிலேயே பாதிப்பேருக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபப்படுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நமது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. சாலையோரத்தில் ஒரு ஜரவாக் குழந்தை. வண்டிக்குள்ளிருந்து யாரோ பிஸ்கட்டை நீட்டுகிறார், நீட்டிவிட்டு இழுத்துக்கொள்கிறார். பின்னால் சிரிப்புச் சத்தம். பார்த்தோம், சிரித்தோம், நாலு பேருக்கு அனுப்பியும் விட்டோம். உழைக்கும் மக்களின் உரிமை பற்றி மேடை மேடையாகப் பேசுகிற நாங்கள்தான் அனுப்பினோம். மறுநாள் கதம்தலாப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "அண்ணே, அது நம்ம வீட்டுப் புள்ளையா இருந்தா இப்படி அனுப்புவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

தோழர்களே, வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1858-ல் வெள்ளைக்காரன் இங்கே தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது கிரேட் அந்தமானியர்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1961 கணக்கெடுப்பில் அவர்கள் 19 பேர். துப்பாக்கியில் செத்தவர்கள் சிலர். நோயிலும் போதையிலும் அழிந்தவர்களே மிகப் பலர். "நாகரிகப்படுத்துகிறோம்" என்று பக்கத்தில் கூட்டிவைத்துக்கொண்டதன் பலன் அது.

ஜரவாக்கள் அந்தக் கதியிலிருந்து தப்பியதற்குக் காரணம், யாரையும் கிட்டே சேர்க்காததுதான். டிரங்க் ரோடு அவர்கள் காட்டின் வழியே போடப்பட்டபோது அம்பு எய்தார்கள். அந்தச் சாலைக்கு மண் சுமந்த கூலிகளில் நம்மவர்களும் உண்டு. சாலையைத் திட்டமிட்டவன் மேல் அம்பு படவில்லை, கூலியின் மேல்தான் பட்டது. இரு பக்கமும் ஏழை, நடுவே ஒரு சாலை!

1997 கடைசியில்தான் ஜரவாக்கள் வில் அம்பை வைத்துவிட்டுத் தாமாக வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. அப்புறம் புகையிலை, மது, பிஸ்கட், கேமரா எல்லாம் போய்ச் சேர்ந்தன.

"ஜரவா" என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அண்டையில் இருந்த வேறொரு பழங்குடியினர் "அயலார்" என்ற பொருளில் சொன்ன பெயர். அவர்கள் தங்களை "ஆங்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். கப்பலில் வந்த நாம் "லோக்கல்" என்று கார்டு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடக்கிறோம். காட்டிலேயே பிறந்தவனுக்குப் பெயர் அயலான். இதை நினைத்துப் பாருங்கள்.

2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் மொத்தம் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் தமிழ் பேசுவோர் நூற்றுக்குப் பதினைந்து. ஜரவாக்கள் 380 பேர். ஆயிரத்துக்கு ஒருவர்! நாம் சிறுபான்மை என்று குறைப்படுகிறோமே, அவர்கள் எப்பேர்ப்பட்ட சிறுபான்மை!

இனி எழுத்துக்கும் வீடியோவுக்கும் வருவோம். இந்த விஷயத்தில் இரண்டும் களத்தில் இறங்கின. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போயிற்று என்பது நமக்குப் பாடம்.

எழுத்து முதலில் வந்தது. போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், சமீர் ஆச்சார்யா போன்றவர்கள் மனு எழுதினார்கள். பங்கஜ் சேக்சரியா போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பத்திரிகைகளில் எழுதினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. சேகர் சிங் கமிஷன் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தது. 2002 மே 7-ல் உச்ச நீதிமன்றம், ஜரவாக் காட்டின் வழியே போகும் சாலைப் பகுதிகளை மூடச் சொன்னது. காகிதத்தில் வெற்றி! ஆனால் சாலை மூடப்படவில்லை. சுற்றுலா வண்டிகள் குறையவும் இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 2012 ஜனவரியில், லண்டன் அப்சர்வர் பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜரவாப் பெண்களை உணவு காட்டி ஆடச் சொல்கிறார்கள். அதட்டும் குரல் கேட்கிறது. காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்ததாக அந்தப் பத்திரிகை எழுதியது. அது பழைய படம் என்றது நிர்வாகம். ஆனால் டில்லி ஆடிப்போயிற்று. பத்தாண்டு எழுத்து அசைக்காததைச் சில நிமிடப் படம் அசைத்தது. பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956-ஐ 2012-ல் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் போகத் தடை போட்டது. மார்ச் மாதமே அந்தத் தடை நீங்கிவிட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? படம் உலுக்கும், ஆனால் சீக்கிரம் மறக்கப்படும். எழுத்து மெதுவாகப் போகும், ஆனால் பதிவேட்டில் நிற்கும். இரண்டுக்கும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும் மக்கள் இல்லாவிட்டால் இரண்டும் வீண். இங்கே அந்த மக்கள் யார்? தினமும் அந்தச் சாலையில் போகிறவர்கள், நாம். நாம் மௌனமாக இருந்தோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அநியாயத்தை அம்பலப்படுத்திய அதே படம், அந்தப் பெண்களின் உடலை உலகம் முழுக்கக் காட்டியது. உங்களைக் காட்டலாமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நல்ல நோக்கத்துக்காக எடுத்தாலும் படத்தில் இருப்பவர் மனிதர் அல்லவா!

நமக்கும் இது நடந்திருக்கிறது. நம் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு யூடியூப்காரர் வந்தார். பெண்கள் தண்ணீர் பிடிப்பதை எடுத்தார். "எந்த ஊர் அக்கா?" என்று சிரித்துப் பேசினார். படம் வெளிவந்தபோது மேலே ஒரு தலைப்பு: "காட்டை விழுங்கும் ஆக்கிரமிப்பாளர்கள்". அந்த வரிசையில் நின்ற ஒரு தாய் ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த வலி தெரிந்த நாமே அடுத்தவரைப் படம் பிடித்துச் சிரிக்கலாமா?

இப்போது உங்கள் எதிர்க் கேள்விகளுக்கு வருகிறோம்.

"சாலை எங்கள் உயிர்நாடி. பிரசவ வலி வந்தால் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கிறது. கப்பலை நம்பி எப்படி இருப்பது?" நியாயமான கேள்வி. ஆம்புலன்ஸை நிறுத்து என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியற்காலையில் கான்வாய்க்காக நிற்கும் வரிசையைப் பாருங்கள். நோயாளி எத்தனை பேர், வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? நம் பிரசவத்தைக் காட்டிச் சாலையைத் திறந்து வைத்துவிட்டு அதில் சுற்றுலா வியாபாரம் ஓடுகிறது.

"2002 தீர்ப்பு எங்களையும் அல்லவா வெளியேற்றச் சொன்னது?" ஆமாம். 1978-க்குப் பிறகு காட்டு நிலத்தில் குடியேறியவர்களை அகற்ற வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. அந்த வரி எத்தனை குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் யோசியுங்கள். ஜரவாவுக்குச் சட்டம் கொடுத்ததைச் செல்லாது என்று நாம் சொன்னால், நாளை நமக்கு மாற்று நிலம் கொடு, குடியிருப்புச் சான்று கொடு என்று எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது? ஏழைக்கு எதிராக ஏழையை நிறுத்துவது ஆள்வோரின் பழைய வித்தை. இலங்கைத் தோட்டத்தில் உழைத்து, 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டு, கச்சால் ரப்பர்த் தோட்டம் வரை வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. நம்மைக் கேட்காமல் நம் விதியை எழுதினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

"அவர்களும் நம்மைப்போல் முன்னேற வேண்டாமா?" என்பது மூன்றாவது கேள்வி. எப்போது, எவ்வளவு, எப்படி என்பதை அவர்கள் சொல்லட்டும். 2001-ல் 240 பேராக இருந்தவர்கள் 2011-ல் 380 ஆனார்கள். தங்கள் காட்டில், தங்கள் உணவில் அவர்கள் பெருகுகிறார்கள். நாம் நீட்டும் பிஸ்கட் இல்லாவிட்டால் அவர்கள் அழிந்துவிட மாட்டார்கள்.

ஆகவே நமது நிலை இது. ஒன்று: ஜரவாக் காட்டின் வழியே சுற்றுலா வண்டி ஒன்றுகூடப் போகக்கூடாது. இரண்டு: குடியிருப்போரின் அவசரத் தேவைக்கு மட்டும் கட்டுப்பாட்டோடு வண்டி போகட்டும். மூன்று: அந்தத் தேவையே குறையும்படி ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் டிக்லிப்பூருக்கும் கூடுதல் கப்பல், கூடுதல் டாக்டர், நல்ல ஜெட்டி வேண்டும். மூன்றாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்கிறவர்களுக்கு நம் கஷ்டம் தெரியாது. முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்டால் நமக்கு நியாயம் தெரியாது என்று ஆகிவிடும்.

இதை எப்படிக் கேட்பது? எழுதியும் படம் எடுத்தும்தான். 1930-களில் இலங்கைத் தோட்டங்களில் கோ. நடேசய்யர் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டு, படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்து. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் எங்கள் மூத்தவர்களுக்குத் துணை நின்றது கையெழுத்து நோட்டீஸும் சைக்ளோஸ்டைல் தாளும். இன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அச்சகமும் சினிமாக் கொட்டகையும் சேர்ந்து இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு பிஸ்கட் வீடியோ அனுப்புகிறோமே, வெட்கமாக இல்லையா!

எங்கள் கவுன்டர் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். "டிக்கெட்டில் தகராறு" என்று ஒருவர் சத்தம் போட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, வண்டி எண், பி.என்.ஆர். மூன்றையும் சொன்னால் எந்த அதிகாரியும் தட்டிக்கழிக்க முடியாது. மனுவும் அப்படித்தான். எந்தத் தேதி, எந்தக் கப்பல், எத்தனை மணி நேரம் காத்திருந்தோம், யார் திரும்பிப் போனார்கள் என்று எழுதுங்கள். ஒரு நகல் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

படம் எடுத்தால் ஜெட்டியை எடுங்கள். மழையில் நிற்கும் வரிசையை எடுங்கள். மூடிய டிக்கெட் ஜன்னலை எடுங்கள். நோயாளியை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்காதீர்கள். பாட்டுச் சேர்க்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள், எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். ஜரவாக்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். அது சட்டப்படி சிறைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான். 2025-ல் ஓர் அமெரிக்கர் கேமராவோடு வடக்கு சென்டினல் தீவில் இறங்கிக் கைதானார். அவர் வெளிநாட்டுக்காரர், போய்விடுவார். நாம் இங்கேயே வாழப் போகிறவர்கள்.

நாளை கிரேட் நிக்கோபாரில் இதே கேள்வி இன்னும் பெரிதாக வரும். ஷோம்பென் மக்கள் வாழும் தீவில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துத் துறைமுகமும் நகரமும் கட்டும் திட்டத்துக்கு 2022-ல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் மண் சுமக்க நம்மவர்களைத்தான் கூப்பிடுவார்கள். வேலை வேண்டும், சோறு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மறுபடியும் இரு பக்கமும் ஏழை, நடுவே ஒரு சாலை என்று ஆகாமல் பார்க்க வேண்டியதும் நம் சங்கத்தின் வேலை.

கடைசியாக, கதம்தலா அக்காவுக்குப் பதில். அக்கா, அந்த வீடியோவை அழித்துவிட்டோம். யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து அழிக்கச் சொன்னோம். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், "சாலையை மூடச் சொல்கிற ஆளா நீ?" என்று கேட்டு சங்கத்தை விட்டே விலகிவிட்டார். பரவாயில்லை, அவர் வீட்டுக்கும் போய்ப் பேசுவோம். மனு தயாராக அந்த மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு இளைஞர்கள் வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள்.