கார் ஆயில் குடிக்குதா? என்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

போன எபிசோடுல டேட்டாபேஸ் பத்திப் பேசினோம். இன்னைக்கு எங்க வீட்டு கார் பத்தி. நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

ஆயுத பூஜைக்கு ராஜபாளையம் போயிருந்தேன். பூஜை முடிஞ்சு, கண்ணாடியில சந்தனப் பொட்டோட, அப்பா அம்மாவை ஏத்திக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற ஆச்சி வீட்டுக்குக் கிளம்பினேன். பன்னெண்டு கிலோமீட்டர்தான். ஊருக்குள்ள ஒரு வளைவுல திரும்பும்போது டேஷ்போர்டுல சிவப்பா ஒரு லைட் மினுக்குன்னு எரிஞ்சு அணைஞ்சுது. எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்டிருக்குமே, அந்த லைட்டு. அடுத்த வளைவுலயும் அதே மாதிரி.

ஓரமா நிறுத்தி, கொஞ்ச நேரம் கழிச்சு ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தா, நுனியில ஒட்டக்கூட ஆயில் இல்லை.

அப்பா முகத்தைப் பார்த்தேன். "நேத்து நான் பார்த்திருக்கணும்"னு மட்டும் சொன்னாங்க. விஷயம் என்னன்னா, முந்தின ரெண்டு நாள் அந்தக் காரை நண்பர்களோட தென்மலை வரைக்கும் எடுத்துட்டுப் போனது நான். கார் ஆயில் குடிக்குதுன்னு அப்பாவுக்கு எட்டு மாசமா தெரியும். எனக்குத் தெரியாது. "உனக்கு இருக்கிற இஎம்ஐ-ல இதை வேற சொல்லணுமா"ன்னு சொல்லாம விட்டுட்டாங்க.

அந்த சிவப்பு லைட் என்ன சொல்லுது?

நம்மள்ல நிறைய பேர் அது ஆயில் அளவு குறைஞ்சா எரியுற லைட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். இல்லை. பெரும்பாலான கார்ல அது ஆயில் பிரஷர் லைட். அடித்தொட்டியில ஆயில் ரொம்பக் குறைஞ்சிருந்தா, வளைவுல வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்ப் ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்சும். அந்த நொடியில கிராங்க் பேரிங்குக்குப் போற ஆயில் நின்னுடுது. அதனால அந்த லைட் எரிஞ்சா "வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" கிடையாது. உடனே பத்திரமா ஓரங்கட்டி என்ஜினை ஆஃப் பண்ணணும். எங்களுக்கு பேரிங் போகலை. அது அதிர்ஷ்டம்தான்.

மறுநாள் எங்க ஊர்ல ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சர்ல நீலமா புகை வந்துச்சு. "அண்ணாச்சி, ரிங் போயிடுச்சு. என்ஜினை இறக்கி போர் பண்ணணும். அம்பத்தஞ்சாயிரம் ஆகும்"னார். பதினோரு வருஷ பெட்ரோல் கார். வித்தாலே எவ்வளவு வந்துடும்? அப்பா அன்னைக்கே வித்துடலாம்னு முடிவுக்கு வந்துட்டாங்க. ஆனா தினமும் காலையில அந்தக் காரை எடுத்துட்டுப் போய்த்தான் ஆச்சிக்கு மருந்து, சாப்பாடு எல்லாம் பார்க்கிறாங்க. பஸ்ஸுல போகலாம். அறுபத்தஞ்சு வயசுல தூக்குவாளியோட தினமும் ரெண்டு தடவை பஸ் ஏறணும், அவ்வளவுதான்.

நான் கேட்டது ஒரே கேள்வி. ரிங்தான்னு எப்படித் தெரியும்?

ஆயில் போறதுக்கு எத்தனை வழி?

ஆயில் மாயமா மறையாது. ஒண்ணு வெளியே ஒழுகணும், இல்லை உள்ளே எரியணும். ஒழுகுதான்னு பார்க்குறது சுலபம். ராத்திரி என்ஜினுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டோம். காலையில ஒரு சொட்டு இல்லை. என்ஜின் வெளிப்பக்கமும் காஞ்சுதான் இருந்துச்சு. கூலன்ட்லயும் எண்ணெய் மிதக்கலை.

அப்போ எரியுது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின்ல அதுக்கு முக்கியமா மூணு வழி. கீழே இருந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி. மேலே இருந்து, வால்வு தண்டைச் சுத்தி இருக்கிற குட்டி ரப்பர் சீலைத் தாண்டி. மூணாவது, பிசிவி வால்வு வழியா. என்ஜினோட அடிவயித்துல சேர்ற வாயுவை மறுபடி எரிக்கிறதுக்கு அனுப்புற சின்ன வால்வு அது. அது கெட்டுப்போனா வாயுவோட ஆயிலையும் சேர்த்து அனுப்பிடும்.

மூணுக்குமே புகை நீலம்தான். ஆனா செலவு? பிசிவிக்கு சில நூறு ரூபாய். சீலுக்கு சில ஆயிரம். ரிங்குக்கு அரை லட்சத்துக்கு மேல.

நான் பண்ணின ரெண்டு தப்பு

ஆர்வக்கோளாறுல நானே அளக்க ஆரம்பிச்சேன். முதல் தப்பு, எங்க வீட்டு வாசல் சரிவு. அங்க நிறுத்தி ஸ்டிக்கைப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு. ரெண்டாவது தப்பு, பயத்துல மேல் கோட்டைத் தாண்டி ஊத்திட்டேன். கூடுதலா ஊத்தினா கிராங்க் அதைக் கடைஞ்சு நுரையாக்கி, பிசிவி வழியா இன்னும் அதிகமா எரிய விடும். குறைய ஊத்துறது ஆபத்து, கூட ஊத்துறதும் நல்லது இல்லை.

அப்போதான் அப்பா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தாங்க.

அப்பா ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவங்க. மெஷினுக்கு ஆயில் விட்டா எழுதி வைக்கணும்ங்கிறது அவங்க கைப்பழக்கம். எட்டு மாசக் கணக்கு அதுல இருந்துச்சு. தேதி, கிலோமீட்டர், ஊத்தின அளவு. "கால்"னா கால் லிட்டர், "அரை"ன்னா அரை லிட்டர். மெக்கானிக் கேட்கலை. நானும் கேட்கலை. லாக் ஃபைலைப் பார்க்காம பக் தேடுறவனை ஆபீஸ்ல எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்!

நோட்டுல மூணு இடத்துல என் கண்ணு நின்னுச்சு.

ஒண்ணு, "மதுரை போய் வந்தது – ஒன்றும் ஊற்றவில்லை." அது போக வர நூத்தி அறுபது கிலோமீட்டருக்கு மேல, சீரான வேகத்துல போற ரோடு.

ரெண்டு, "புனலூர் கல்யாணம் – அரை." செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை. அதே பாதையிலதான் நானும் தென்மலை போயிருக்கேன்.

மூணு, "ஆடிப்பூரம் கூட்டம் – கால்." ஆண்டாள் தேரோட்டத்தன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வண்டி நகரவே இல்லை. ஏசிக்காக என்ஜின் ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

இதுல இருக்கிற ஒழுங்கைப் பாருங்க. பெட்ரோல் என்ஜின்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, காத்து உள்ளே போற வழி கிட்டத்தட்ட மூடிக்கும். பிஸ்டன் இழுக்கும், காத்து வராது. அதனால இன்டேக் பக்கம் பலமான வெற்றிட இழுப்பு உண்டாகும். புளியரை பக்கம் கியர்ல இறங்கும்போது அதேதான் நடக்குது. கூட்டத்துல சும்மா நின்னு ஓடும்போதும் அதேதான். வால்வு சீல் கெட்டியாகி இறுக்கம் போயிருந்தா, அந்த இழுப்புல ஆயில் வால்வு தண்டு வழியா உள்ளே இறங்கும். ரிங் தேஞ்சிருந்தா, மதுரை ரோட்டுல வேகமா போகும்போதும் நல்லா குடிச்சிருக்கணும். குடிக்கலை.

சந்தேகத்தைச் சோதிச்சது

இது துப்புதான், தீர்ப்பு இல்லை. அதனால முதல்ல ஒழுங்கா அளந்தோம். பெட்ரோல் பங்க்ல சமமான கான்கிரீட் தரை, என்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம், அதே இடம், காலையில அதே நேரம். மேல் கோடு வரைக்கும் நிரப்பி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதே கோட்டுக்கு வர எத்தனை மில்லி ஆகுதுன்னு அளவு ஜாடியில பார்த்தோம். 410 மில்லி.

அடுத்து பிசிவி வால்வு. கழட்டிக் குலுக்கினா உள்ளே டக் டக்னு சத்தம் கேட்கணும். இதுல கேட்கலை, ஒட்டிக்கிச்சு. மாத்திட்டு மறுபடி 500 கிலோமீட்டர். 360 மில்லி. கொஞ்சம் குறைஞ்சது, ஆனா திருடன் அவன் இல்லை. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தியிருந்தா இது தெரிஞ்சிருக்காது. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் 165-லிருந்து 175 பிஎஸ்ஐக்குள்ள. பிறகு ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ரிங் தேஞ்சிருந்தா அந்த ஆயில் இடைவெளியை அடைச்சு, அளவு சட்டுனு ஏறும். இங்கே பெருசா ஏறலை.

நான் குதிச்சேன். அவர் சிரிச்சார். "தம்பி, இது மேல் ரெண்டு ரிங்குக்குத்தான் சாட்சி. மூணாவது ஆயில் ரிங்குக்கு இது சாட்சி சொல்லாது."

அவர் சொன்னது முக்கியமான விஷயம். ஆயில் ரிங்கோட வேலை சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலை வழிச்சுக் கீழே அனுப்புறது. அது கரி பிடிச்சு ஒட்டிக்கிட்டா கம்ப்ரஷன் நல்லாவே இருக்கும், ஆனா ஆயில் எரியும். அமெரிக்காவுல 2007–2009 கேம்ரியோட 2.4 லிட்டர் என்ஜின்ல ஆயில் குடிக்கிற புகார் பெருசா வந்துச்சு. 2015-ல டொயோட்டா அதுக்குன்னு வாரண்டியை நீட்டிச்சாங்க. அங்கேயும் முதல் படி அளக்குறதாத்தான் இருந்துச்சு. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு மேல, அதாவது 1,930 கிலோமீட்டருக்கு சுமார் 950 மில்லிக்கு மேல குடிச்சா, பிஸ்டனும் ரிங்கும் மாத்தித் தந்தாங்க.

அப்போ எங்க கார்ல எதுன்னு எப்படி முடிவு பண்றது? அவர் புகையை எப்போ வருதுன்னு பார்க்கச் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ன காரை அப்பா காலையில ஸ்டார்ட் பண்ண, நான் பின்னாடி நின்னு வீடியோ எடுத்தேன். குப்புனு ஒரு நீலப் புகை, அரை நிமிஷத்துல சுத்தம். ராத்திரி சீல் வழியா சொட்டின ஆயில் எரிஞ்சு தீர்ந்துடுச்சு. பிறகு பத்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை மிதிச்சப்போ மறுபடி ஒரு குப்பு. ஆனா ஓட்டத்துல, ஏத்தத்துல மிதிச்சு ஏறும்போது புகையே இல்லை. நோட்டு சொன்னதும் புகை சொன்னதும் ஒண்ணுதான்.

சரி பண்ணினது

வால்வு சீல் மாத்த ஹெட்டையே இறக்கணும்னு அவசியம் இல்லை. டேப்பெட் கவரையும் கேம் ஷாஃப்ட்டையும் கழட்டிட்டு, பிளக் துளை வழியா சிலிண்டருக்குள்ள நைலான் கயிறை விட்டு, பிஸ்டனை மேலே கொண்டு வந்தார். கயிறு வால்வைத் தாங்கிப் பிடிச்சுக்கும், கீழே விழாது. ஸ்பிரிங்கை அமுக்கி, பழைய சீலை எடுத்துட்டுப் புதுசு. மொத்தம் பதினாறு. பழசை நகத்தால அழுத்தினேன், பிளாஸ்டிக் மாதிரி கெட்டி. ஒன்றரை நாள் வேலை. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

அதுக்கு அப்புறம் 500 கிலோமீட்டர் ஓட்டினதும் அப்பா போன் பண்ணினாங்க. "நாப்பது." அவ்வளவுதான் சொன்னாங்க. 40 மில்லி.

இந்தக் கதையோட நீதி "மெக்கானிக் பொய் சொல்றார்" கிடையாது. அவர் புகையைப் பார்த்து ஊகிச்சார். ரிங்கா இருந்திருந்தா என்ஜினை இறக்குறதுதான் சரி, சீல் மாத்தியிருந்தா காசு வீண். அடர்த்தியான ஆயில் ஊத்தி சமாளிக்கலாம்னும் சொல்வாங்க. குடிக்கிறது குறையலாம், ஆனா காரணம் அப்படியே இருக்கும். குளிர்ந்த என்ஜின்ல ஆயில் மேலே ஏறவும் நேரமாகும். எரியுற ஆயில் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் மெதுவா கெடுக்கும். அதனால தள்ளிப் போடாதீங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. சமமான தரையில நிறுத்தி, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்க, கிலோமீட்டரோட எழுதி வைங்க. வீட்டுல உங்க அப்பாவோட வண்டி இருந்தா அதையும் பாருங்க. அப்படியே, "வண்டி எப்படிப்பா ஓடுது"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. எட்டு மாசம் நான் கேட்காம விட்ட கேள்வி அதுதான்.

அப்பா இன்னமும் தினமும் ஆச்சி வீட்டுக்கு அதே கார்லதான் போறாங்க. நோட்டும் தொடருது. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.