ஒரு பெயருக்குள் அடங்காத மக்கள்



இத்தாலியர் என்றால் கைகளை வீசி உரக்கப் பேசுபவர். ஸ்பானியர் என்றால் நண்பகலில் உறங்கி இரவெல்லாம் ஆடுபவர். திரைப்படங்களும் விளம்பரங்களும் நம் மனத்தில் பதித்துவிட்ட சித்திரங்கள் இவை. ஒரு மக்களினத்தை ஒரே அச்சில் வார்த்துவிடும் இத்தகைய கருத்துகளுக்கு மொழி எவ்வாறு துணைபோகிறது, அதே மொழி அவற்றை எவ்வாறு உடைக்கிறது என்பதை அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸை முன்வைத்து ஆராய்வோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் அந்நாட்டில் குடியேறினர். 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தலைநகரின் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருந்தனர். வந்தவர்களுக்கு அந்நகரம் இரண்டு பட்டப்பெயர்களைச் சூட்டியது. இத்தாலியர் அனைவரும் 'தானோ' ஆயினர். நேப்பிள்ஸ் நகரத்தாரைக் குறிக்கும் 'நப்போலித்தானோ' என்பதன் முதற்குறை அது. ஆனால், துறைமுகப் பகுதியான லா போகாவில் குடியேறியவர்களுள் பெரும்பாலோர் வடக்கே ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள். அவர்களது பேச்சும் நேப்பிள்ஸ் பேச்சும் வேறு வேறு. அவ்வாறே, ஸ்பெயினின் எப்பகுதியிலிருந்து வந்தவரும் 'கலீசியர்' எனப்பட்டார். கலீசியாவோ அந்நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு பகுதி மட்டுமே. ஓர் ஊரின் பெயர் ஒரு பெருந்தொகையினருக்கே ஏளனப் பெயராவது இம்மண்ணில் வாழும் நமக்குப் புதிதன்று.

பெயரைத் தொடர்ந்து நகைப்பு வந்தது. 'கலீசியர்' என்றாலே மந்த அறிவினர் என்று கூறும் துணுக்குகள் பெருகின. அவர்களுள் பலர் வறுமையால் ஊரைவிட்டு வந்த உழவர்கள்; கலீசிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இரண்டாம் மொழியில் தடுமாறும் ஒருவரை அறிவில் குறைந்தவராகக் கருதும் பிழையை வகுப்பறையில் பணியாற்றும் நாம் நன்கு அறிவோம்.

இத்தாலியரும் தப்பவில்லை. 1890 வாக்கில் பொதெஸ்தா குடும்பத்தாரின் நாடகக் குழு 'கொக்கொலிச்சே' என்னும் கோமாளிப் பாத்திரத்தை மேடையேற்றியது. இத்தாலிய வாடை வீசும் ஸ்பானிய மொழியில் அவன் பேசப் பேச அவை சிரித்தது. குடியேறிகளின் கலப்புப் பேச்சுக்கே பின்னர் அவன் பெயர் நிலைத்தது.

இனி, வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். 'வேலை' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'திரபாஹோ' என்பது பொதுச்சொல். புவெனஸ் ஐரிஸ் மக்களின் அன்றாடப் பேச்சிலோ 'லபூரோ' என்னும் சொல்லும் வழங்குகிறது. அது 'லவோரோ' என்னும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. எவருடைய பேச்சைக் கேட்டு நகரம் நகைத்ததோ, அவருடைய சொல்லாலேயே இன்று தன் உழைப்பைக் குறிக்கிறது.

கலீசியரின் கதை இன்னும் ஆழமானது. பிராங்கோவின் ஆட்சியில் கலீசிய மொழி பொதுவாழ்வினின்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், ஓவியரும் எழுத்தாளருமான கஸ்தெலாவோ புவெனஸ் ஐரிஸில் அடைக்கலம் பெற்றிருந்தார். கலீசியாவின் அரசியல் சிந்தனைக்கு அடித்தளமாக மதிக்கப்படும் அவரது 'செம்ப்ரே என் கலீசா' என்னும் நூல் 1944இல் அந்நகரிலேயே வெளிவந்தது. அறிவிலிகள் எனத் துணுக்குகள் இகழ்ந்த மக்கள், தாய்மண்ணில் வெளியிட இயலாத நூலை அயல்மண்ணில் வெளியிட்டனர்.

துணுக்கு சொல்பவர் எப்போதும் அயலாரும் அல்லர். தம் பாட்டனைக் குறித்தே நகைக்கும் பேரர்களும் உண்டு. அன்போடு சொல்லப்படும் நகைச்சுவைக்கும் இழிவுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. அன்பினால் சொன்னாலும், ஜெனோவாவையும் நேப்பிள்ஸையும் ஒன்றாக்கும் பெயர் அம்மக்களின் பன்மையை மறைக்கவே செய்கிறது.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் ஒரு பழக்கத்தை மேற்கொள்வோம். 'இவ்வினத்தார் இப்படித்தான்' என்னும் வாக்கியம் பாடநூலிலோ பேச்சிலோ எதிர்ப்படும்போது, 'எந்த ஊரார்? எம்மொழி பேசுவோர்? எக்காலத்தில்?' என்னும் மூன்று வினாக்களை எழுப்புவோம். விடை தேடப் புகும்போதே அச்சு உடையத் தொடங்கும். அச்சு உடையுமிடத்தில் மனிதர் தெரிவர்.